பிரம்மாண்டத்தைப் பார்க்கக் கற்பது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள கவின்,

உன் கடிதம் கிடைத்தது. சூப்பர் ஹீரோ படங்கள் எல்லாம் வெறும் சத்தம், அவற்றில் கலை என்று சொல்ல ஒன்றுமில்லை என்று டியூஷன் வகுப்பில் யாரோ சொன்னதாகவும், உனக்குப் பதில் சொல்ல வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். "எனக்குப் பிடித்திருக்கிறது மாமா, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை" என்ற உன் வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பிடித்ததற்குக் காரணம் சொல்லப் பழகினால், பிடிக்காததற்கும் காரணம் சொல்ல வரும். இரண்டும் வந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் நீ தடுமாற மாட்டாய்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் கலை உண்டு. எல்லாப் படங்களிலும் இல்லை. நல்ல படத்தில்கூட எல்லாக் காட்சிகளிலும் இல்லை. அதனால் "இந்த வகைப் படம் கலையா?" என்ற கேள்வியை விட்டுவிடு. அதற்கு விடையே கிடையாது. "இந்தக் காட்சியை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று யாராவது யோசித்து முடிவெடுத்திருக்கிறார்களா? அந்த முடிவு கதைக்கு எதையாவது சேர்க்கிறதா?" என்று கேள். இதற்கு விடை திரையிலேயே இருக்கும். உன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாதத்தை உலக அளவில் பெரிதாகக் கிளப்பியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. 2019 அக்டோபரில் ஒரு பேட்டியில், மார்வெல் படங்கள் சினிமா அல்ல, கேளிக்கைப் பூங்கா போன்றவை என்றார். பெரும் சர்ச்சை ஆனது. நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தன் நிலையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அவரைத் திட்டியவர்களில் பலர் அந்தக் கட்டுரையைப் படித்ததாகத் தெரியவில்லை. இத்தகைய படங்களில் திறமைசாலிகள் வேலை செய்கிறார்கள், அது திரையில் தெரிகிறது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அவருடைய குறை வேறு: இந்தப் படங்களில் துணிச்சல் இல்லை, எதிர்பாராத ஒன்று மனிதரைப் பற்றி வெளிப்படுவதில்லை, எல்லாமே சந்தைக்காகச் சோதித்துச் சோதித்துச் செய்தவை. இது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் ஒவ்வொரு படமாக வைத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்ப்போம்.

உனக்குப் பிடித்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' படத்தையே எடுத்துக்கொள். 2018-இல் வந்தது, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. காட்டுக்குள் மைல்ஸும் பீட்டரும் வலை வீசித் தப்பிக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பார். திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பீட்டரின் அசைவுக்கு அந்த 24 ஃபிரேமிலும் தனித்தனிப் படம். மைல்ஸுக்கு 12 படம்தான். ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம் நிற்கும். இருவரும் ஒரே திரையில், ஒரே வேகத்தில் பறக்கிறார்கள். ஆனால் பீட்டர் வழுக்கிக்கொண்டு போகிறான், மைல்ஸ் வெட்டி வெட்டிப் போகிறான். ஒருவனுக்குத் தொழில் கைவந்துவிட்டது, இன்னொருவன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான் என்பதை வசனம் இல்லாமல் அசைவே சொல்லிவிடுகிறது. மைல்ஸ் தேறத் தேற அவன் அசைவும் சீராகிறது. முதல்முறை பார்க்கும்போது யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். ஆனாலும் மனத்தில் பதியும்.

அதே படத்தில் மைல்ஸ் உயர்ந்த கட்டடத்திலிருந்து குதிக்கும் இடம் உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். அவன் விரல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிக்கும்போது கண்ணாடி உடைந்து துண்டுகளாக விரலோடு வருகிறது. பயம் போய்விட்டதால் குதிக்கவில்லை. பயம் விரல் நுனியில் ஒட்டியிருக்கும்போதே குதிக்கிறான். அடுத்த கணம் கேமரா தலைகீழாகிறது. நகரம் மேலே தொங்குகிறது, கீழே விழுகிறவன் மேலே எழுவதுபோல் தெரிகிறான். கதை முழுவதும் சொல்ல வந்தது அந்த ஒரே ஷாட்டில் அடங்கிவிட்டது. வெறும் சத்தம் என்று சொன்னவரிடம் இந்த ஷாட்டைப் போட்டுக் காட்டு.

சண்டைக் காட்சிகளுக்கு வருவோம். நம் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்த ஜேம்ஸ் வான் இயக்கிய 'அக்குவாமேன்' (2018) உலகம் முழுவதும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூல் நமக்கு முக்கியமில்லை. அதில் சிசிலித் தீவில் நடக்கும் கூரைச் சண்டையைப் பார். நாயகன் ஓரிடத்தில் மோதுகிறான், நாயகி வேறொரு பக்கம் கூரை கூரையாக ஓடுகிறாள். கேமரா ஒருவரை விட்டு விலகி, ஊரைத் தாண்டிப் பறந்து, மற்றவரைப் பிடிக்கிறது. யார் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரம், யாருக்கு ஆபத்து என்று உனக்குக் குழப்பமே வராது. பல படங்களில் இரண்டு நிமிடச் சண்டைக்கு நூறு கட் வைத்து, யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாமல் செய்துவிடுகிறார்கள். இடம் புரியாவிட்டால் ஆபத்தும் புரியாது. அதன்பின் மிஞ்சுவது சத்தம்தான்.

ஒரே படத்தில் உயர்ந்ததும் தாழ்ந்ததும் சேர்ந்திருக்கும் என்றேன் அல்லவா? அதற்கு 'பிளாக் பாந்தர்' (2018) நல்ல உதாரணம். ரூத் கார்ட்டரின் உடை வடிவமைப்புக்கும் ஹன்னா பீச்லரின் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அரசி ரமோண்டாவின் கிரீடத்தைப் பார். தென்னாப்பிரிக்க சூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் தொப்பியின் உருவம் அது. அதை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்தார்கள். பழைய மரபும் நாளைய தொழில்நுட்பமும் ஒரே பொருளில் கூடி, கதை நடக்கும் வக்காண்டா எப்படிப்பட்ட நாடு என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆனால் கடைசிச் சண்டைக்கு வா. இருண்ட சுரங்கத்துக்குள் கறுப்பு உடை அணிந்த இருவர் மோதுகிறார்கள். உடம்புக்கு எடையே இல்லை. விழுந்தால் வலிக்குமா என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இந்தப் படத்தைப் பாராட்டும்போது அந்தக் குறையையும் சேர்த்துச் சொல்.

இந்தக் கிராஃபிக்ஸுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. 2013-இல் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கியபோது நிறுவனம் ஏற்கெனவே திவாலாகியிருந்தது. விழா அரங்குக்கு வெளியே கிராஃபிக்ஸ் கலைஞர்கள் நின்று போராடினார்கள். 2023-இல் மார்வெலின் கிராஃபிக்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். திரையில் எடையில்லாத உடம்பைப் பார்த்தால் கலைஞனுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடாதே. நேரமும் மதிப்பும் கொடுக்கப்படாத வேலை அப்படித்தான் வரும்.

அமானுட வீரர்களைத் திரையில் காட்டுவது ஹாலிவுட்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததல்ல. 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில், கல்யாண விருந்தைக் கடோத்கசன் ஒருவனாகவே உண்டு தீர்க்கும் காட்சியை உன் பாட்டியிடம் கேள், கண் விரியச் சொல்வார். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. கணினி என்ற பேச்சே இல்லாத காலம். பண்டங்கள் தாமாகவே பறந்து வாய்க்குள் போகின்றன. தந்திரக் காட்சி என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நம்புகிறோம். கடோத்கசனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் கண்ணும் கன்னமும் சாப்பாட்டை ருசிப்பதால்தான் நம்புகிறோம். நடிகரின் முகத்தை மறந்த தந்திரம் எவ்வளவு செலவு செய்தாலும் உயிர் பெறாது. இந்த விதி 1957-க்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும்.

இனி நம் ஊரில் நடக்கும் படத்துக்கு வருகிறேன். 2016 ஜூலை 22 அன்று 'கபாலி' வெளியானபோது நீ சின்னப் பையன். விமானத்தின் மேல் ரஜினியின் உருவத்தை வரைந்து பறக்கவிட்ட காலம் அது. ஆரவாரம் வேறு, படம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகு. ரஜினி பறக்கவில்லை, முகமூடி போடவில்லை என்றாலும் நமக்கு அவர் சூப்பர் ஹீரோதான். அந்தப் பிம்பத்தை இயக்குநர் பா. ரஞ்சித் எப்படிக் கையாண்டார் என்று பார். பல வருடச் சிறைவாசம் முடியும் நாளில் கபாலி முதலில் நமக்குத் தெரியும்போது, சண்டை போடவில்லை, ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். ஒய்.பி. சத்யநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா', ஒரு தலித் குடும்பத்தின் வரலாறு. பிறகு கோட்டு சூட்டு. தோட்டப்புறத்துக் கூலித் தொழிலாளியின் மகன் அப்படி உடுத்துவது ஸ்டைலுக்காக மட்டுமல்ல, அது உரிமைக் குரல் என்று படம் வெளிப்படையாகவே பேசுகிறது. ஸ்லோமோஷனில் அவர் நடந்து வரும்போது விசிலடித்த நம் மக்களில் பலருக்கு, துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த சொந்தக் குடும்பக் கதை இருந்தது. மாஸ் படத்தின் வழக்கமான ஷாட் ஒன்றுக்கு அப்படி ஒரு கனம் கிடைத்தது. படத்தின் பிற்பகுதித் துப்பாக்கிச் சண்டைகளில் அந்தக் கனம் இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அதன் முடிவைப் பற்றி நீ அறிந்திருக்க மாட்டாய். மூலப் படத்தில் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு கபாலியை நெருங்குகிறான். திரை இருளுகிறது, வெடிச் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். சுட்டது யார், விழுந்தது யார் என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார் இயக்குநர். ஸ்கார்செஸி கேட்ட துணிச்சல் இதுதான். மலேசியாவில் ஓடிய பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று எழுத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு வரிதான். ஆனால் பார்வையாளன் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய கேள்வியை அது பறித்துவிட்டது. ஒரு படத்தில் எந்த முடிவு எவ்வளவு முக்கியம் என்று அறிய வேண்டுமானால், அதை மாற்றினால் என்ன இழக்கிறோம் என்று யோசி.

பிரம்மாண்டம் என்ற சொல்லை எல்லாரும் எளிதாகப் பயன்படுத்துகிறார்கள். அதைப் படிக்கப் பத்துமலைக்குப் போ. கேடிஎம் ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். 2006-இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். எண்ணைக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. பக்கத்தில் 272 படிகளில் ஏறும் மனிதர்களைப் பார், பின்னால் சுண்ணாம்புப் பாறையைப் பார். மனிதனால் சிலை பெரிதாகிறது. பாறையின் முன்னால் அதே சிலை அடக்கமாகிறது. பெரியதைக் காட்டச் சிறியது ஒன்று பக்கத்தில் வேண்டும். ஷங்கரின் '2.0' படத்தில் (2018) கைப்பேசிகள் கூட்டமாக ஒளிர்ந்து ஊர்ந்து வரும் தொடக்கக் காட்சிகளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் கையில் வைத்திருக்கும் சிறு பொருள் அல்லவா! இறுதியில் ராட்சத உருவங்கள் மோதும்போது அவற்றின் அளவு மனத்தில் உறைக்கவில்லை; அச்சமும் போய்விட்டது.

உனக்குச் சில பயிற்சிகள் தருகிறேன். பிடித்த சண்டைக் காட்சி ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். யாருக்கு என்ன வேண்டும் என்று படத்தை மட்டும் வைத்துப் புரிகிறதா? நடுவில் எங்காவது நிறுத்து. கண் முதலில் எங்கே போகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? துரத்தல் காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் வரைபடத்தைத் தாளில் போட்டுப் பார். போட முடியாவிட்டால் தவறு உன்னுடையதல்ல. கடைசியாக, அந்த ஷாட்டை வேறு கோணத்தில் எடுத்திருந்தால் என்ன குறையும் என்று எழுது.

பிறகு 'ஜகாட்' படத்தைத் தேடிப் பார். நம் சஞ்சை குமார் பெருமாள் 2015-இல் குறைந்த செலவில் எடுத்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் அப்போய் என்ற சிறுவன் குண்டர் கும்பலின் வீரத்தில் மயங்கும் கதை. பறக்கும் ஆளில்லை, வெடிக்கும் கட்டடமில்லை. ஸ்பைடர்வெர்ஸிடம் கேட்ட அதே கேள்விகளை இதனிடமும் கேள். கோடிக்கணக்கான டாலர் படத்துக்கு ஒரு அளவுகோல், நம் ஊர்ச் சிறுபடத்துக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளாதே. இரண்டு படத்துக்கும் சேர்த்து நாலு பக்கம் எழுதி அனுப்பு. எனக்கு உடன்பாடில்லாத இடம் இருந்தால் ஷாட்டைச் சொல்லி வாதிடுவேன். நீயும் ஷாட்டைச் சொல்லியே எனக்குப் பதில் எழுத வேண்டும். டியூஷன் வகுப்பில் கேட்டவருக்கும் அப்படியே பதில் சொல்.

எஸ்பிஎம் தேர்வுப் பாடங்களை விட்டுவிடாதே. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா