பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவுதல்

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு வழங்கப்பட்டது. அதுவும் ஒரு தவணையே. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ எதிர்பார்க்கிறது. எனவே 2017ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய மடிக்கணினிகளுள் பல, பழுது ஏதுமின்றி இயங்கினாலும், அதற்குத் தகுதி பெறுவதில்லை. புதுப்பிப்பு நின்ற கணினியிலிருந்து வங்கிக் கணக்கையும் மைகவ் கணக்கையும் தொடர்ந்து திறப்பது ஆபத்தானது. அதே வேளையில், நல்ல கணினியைக் குப்பையில் சேர்ப்பதற்கும் மனம் வராது. இந்நிலையில் உள்ள வீடுகளுக்கு லினக்ஸ் மின்ட் ஒரு வழி.

லினக்ஸ் என்பது 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. ஆகவே பலர் அறியாமலே அதை நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றனர். 2006 முதல் வெளிவரும் லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பழகிய கண்ணுக்கும் கைக்கும் அந்நியமாகத் தோன்றாதவாறு அமைக்கப்பட்டது. அதற்கு விலை இல்லை. உரிமத்துக்கென எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2 ஜிபி ரேம் நினைவகத்திலும் அது இயங்கும். 4 ஜிபி இருப்பது நலம். வலுக்குறைந்த கணினிகளுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். கணினியில் இன்னும் சுழலும் வன்தட்டே இருக்குமானால், அதை அகற்றி ஓர் எஸ்எஸ்டி பொருத்துவது வேறெந்த மாற்றத்தையும் விட வேகத்தைக் கூட்டும். மின்கலம் உப்பியிருந்தால் வேலையைத் தொடங்கவே கூடாது. அத்தகைய மின்கலத்தை வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடுவதும் கூடாது. குப்பை வண்டிகளில் தீப்பிடிக்க அது காரணமாகிறது.

நிறுவுவதற்கு முன்

இந்தப் பணியில் திரும்பப் பெற முடியாத இழப்பு ஒன்றே ஒன்று உண்டு: வன்தட்டை அழிக்கும்போது அதிலிருந்த கோப்புகளும் அழிந்துபோகும். ஒளிப்படங்கள், குடிவரவு ஆவணங்களின் பிரதிகள், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் படிமங்கள் ஆகிய அனைத்தையும் முதலில் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுக்க வேண்டும். படியெடுத்ததோடு நின்றுவிடாமல், அந்த வன்தட்டை இன்னொரு கணினியில் செருகிச் சில படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். 'படியெடுத்தாயிற்று' என்று நம்பியிருந்த உறையில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே இருந்தது பின்னரே தெரியவரும் வீடுகள் உண்டு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மறக்கலாகாது.

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள், நினைவு மலர்களும் சங்க அறிக்கைகளும் திருமண அழைப்பிதழ்களும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிடுவோரும் உள்ளனர். விண்டோஸின் எழுத்துரு உறையிலிருந்து அந்த எழுத்துருக்களையும் வெளி வன்தட்டில் எடுத்து வைத்தால், பின்னர் மின்ட்டில் அவற்றை நிறுவிப் பழைய கோப்புகளை முன்போலவே படிக்கலாம்.

விண்டோஸை அழிக்காமல் இரண்டையும் வைத்திருக்க விரும்புவோர், பிட்லாக்கர் மறையாக்கம் இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை, பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், தாளில் எழுதி வைக்க வேண்டும். தொடக்க அமைப்புகள் மாறும்போது விண்டோஸ் அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும்.

செய்முறை

லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து நிறுவல் படிமத்தைத் தரவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருள் மூலம் 8 ஜிபி யூஎஸ்பி குச்சி ஒன்றில் எழுத வேண்டும். குச்சியில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பிறகு கணினியை அணைத்து, குச்சியைச் செருகி, மீண்டும் இயக்கும்போது தொடக்கத் தெரிவுப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவை பொதுவானவை.

இப்போது மின்ட் குச்சியிலிருந்தே இயங்கும். வன்தட்டில் எதுவும் மாறாது. அவசரக்காரர் தாண்டிச் செல்லும் கட்டம் இது, ஆயினும் இதுவே மிகப் பயனுள்ளது. வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, நிழற்படக் கருவி வேலை செய்கிறதா, அச்சுப்பொறி தென்படுகிறதா என்பவற்றை அரை மணி நேரம் செலவிட்டுச் சோதிக்கலாம். குச்சியிலிருந்து இயங்குவதால் வேகம் குறைவாகவே இருக்கும். அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. சில பழைய கணினிகளிலுள்ள பிராட்காம் வைஃபை சில்லுகள் தொடக்கத்தில் இயங்கா. அப்போது இணைய வடத்தையோ யூஎஸ்பி வழியே கைப்பேசியின் இணைப்பையோ பயன்படுத்தி, இயக்கி மேலாளர் மூலம் உரிய இயக்கியை நிறுவலாம். சோதனையில் மனநிறைவு இல்லையெனில், கணினியை அணைத்துக் குச்சியை எடுத்துவிட்டால் பழைய நிலை அப்படியே இருக்கும்.

திருப்தியானால், முகப்பிலுள்ள நிறுவல் சின்னத்தைச் சொடுக்க வேண்டும். மொழி, விசைப்பலகை ஆகிய கேள்விகள் எளியவை. தமிழும் மொழிப் பட்டியலில் உண்டு, எனினும் மொழிபெயர்ப்பு முழுமையானதன்று. அடுத்து வரும் நிறுவல் வகைத் திரையில்தான் கை நிதானிக்க வேண்டும். விண்டோஸுடன் சேர்த்து நிறுவுவது ஒரு தெரிவு. வட்டை முழுவதும் அழித்து நிறுவுவது மற்றொன்று. இரண்டாவதைத் தெரிந்து உறுதி செய்த பின் பின்வாங்க இயலாது. வெளி வன்தட்டு செருகியிருந்தால், தவறான வட்டைத் தெரிவு செய்யாதிருக்க, அதை இதற்கு முன்பே கழற்றி வைக்க வேண்டும்.

நிறுவிய பின்

பயர்பாக்ஸ் உலாவியும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பும் உடன் வருகின்றன. உலாவி வழியே இயங்கும் அரசுச் சேவைகளுக்கும் மின்னஞ்சலுக்கும் அவை போதும். மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் கணினிப் பதிப்பும், ஃபோட்டோஷாப்பும், பள்ளித் தேர்வுகளுக்கான பூட்டிய உலாவிகள் பலவும் லினக்ஸில் இயங்குவதில்லை. இவற்றை நம்பியிருக்கும் மாணவரின் கணினியில், பள்ளியிடம் கேட்காமல் இம்மாற்றத்தைச் செய்வது தகாது.

தமிழில் தட்டச்சு செய்ய, அமைப்புகளிலுள்ள உள்ளீட்டு முறைப் பகுதியைத் திறந்து, அங்கு கூறியவாறு தேவையான தொகுதிகளை நிறுவ வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இலங்கையில் புழங்கும் ரங்கநாதன் முறை ஆகிய மூன்றும் கிடைக்கும். பழகிய விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இறுதியாக, டைம்ஷிஃப்ட் என்னும் கருவியில் அமைப்பின் முதல் நிழற்பதிவை எடுத்துவைத்துப் புதுப்பிப்பு மேலாளரை இயக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தையே மீட்கும். ஒளிப்படங்களுக்கும் கடிதங்களுக்கும் அந்த வெளி வன்தட்டே காப்பு.