குறிப்புகள் தொலையாமல் இருக்க

குறிப்பெழுதும் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்றத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று: எழுதியதை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க முடியுமா? இலவசமாகக் கிடைக்கும் திறமூலச் செயலியான ஜாப்ளினில் முடியும். கணினியிலும் ஆண்ட்ராய்டு, ஐபோன்களிலும் ஓடும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் வழியாகக் குறிப்புகளை ஒத்திசைக்கலாம். கூகுள் டிரைவுக்கு நேரடி வசதி கிடையாது. அதை மட்டுமே பயன்படுத்துபவர்கள் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஒத்திசைவையே காப்புப்பிரதி என்று நம்பிவிடுகிறார்கள். அப்படியில்லை. போனில் தவறுதலாக நிரந்தரமாக அழித்துவிட்ட குறிப்பு, அடுத்த ஒத்திசைவில் கணினியிலிருந்தும் போய்விடும். அதனால் மாதம் ஒருமுறையாவது கணினியில் ஜாப்ளினைத் திறந்து, ‘ஃபைல்’ மெனுவில் எல்லாவற்றையும் ‘ஜெக்ஸ்’ வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். குறிப்பேடுகள், படங்கள், குறிச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். அதைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

ஜாப்ளினில் மறையாக்கத்தை இயக்கினால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மறந்துவிட்டால் மீட்டுத்தர யாராலும் முடியாது.

சாதாரண உரைக்கோப்புகளே போதும் என்பவர்களுக்கு கியூஓன்நோட்ஸ் செயலி நல்லது. அந்தக் கோப்புகள் இருக்கும் கோப்புறையை சிங்க்திங் என்ற செயலி கொண்டு இரண்டு கணினிகளுக்கிடையே நேரடியாக ஒத்திசைக்கலாம். நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் தேவையில்லை.