பத்து ரூபாய்க்கு எத்தனை கோடு?

நம்பிக்கை: பத்துக் கோடு போட்ட பத்து ரூபாய் நாணயம் நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளக்காசு.

சென்னையில் டீக்கடைக் கல்லாவுக்குள் கேள்வியில்லாமல் விழும் நாணயம்தான். அதையே வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் நீட்டினால் "இங்க ஓடாதுங்க, நோட்டா குடுங்க" என்று திரும்பிவந்துவிடும். பல ஆண்டுகள் இந்தக் கூத்து நடந்தது. பயணி கொடுத்தால் கண்டக்டர் வாங்கமாட்டார். கண்டக்டர் மீதிச் சில்லறையாகக் கொடுத்தால் பயணி வாங்கமாட்டார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு சாமுத்திரிகா லட்சணம் சொல்வார்கள். கோட்டை எண்ணிப் பார்க்க வேண்டும், ₹ குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். வெள்ளை நடுவும் மஞ்சள் வளையமுமான பத்து ரூபாய் நாணயம் 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. ₹ என்ற குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். வரைந்தவர் நம் ஊர்க்காரரான உதயகுமார். ஆகவே முதலில் வந்த நாணயங்களில் அந்தக் குறி இருக்க வழியே இல்லை. குறி சேர்ந்த புதிய வடிவத்தில் பத்துக் கோடு, அதற்கு முந்தைய ஒரு வடிவத்தில் பதினைந்து கோடு. இரண்டும் அரசின் தங்கசாலையில் அடித்தவையே. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டு, அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்றது. 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு இதையே சொல்லும் ஏற்பாட்டையும் செய்தது.

குழப்பத்தில் மக்களுக்கு மட்டும் பங்கு என்று நான் சொல்லமாட்டேன். ஹோமி பாபா நூற்றாண்டுக்கு ஒரு முகம், நாடாளுமன்றத்தின் அறுபதாம் ஆண்டுக்கு ஒரு முகம், அம்பேத்கரின் 125-ஆம் பிறந்த ஆண்டுக்கு ஒன்று, யோகா தினத்துக்கு ஒன்று, கயிறு வாரியத்தின் அறுபது ஆண்டுக்குக்கூட ஒன்று. பத்து ரூபாய் என்ற ஒரே மதிப்புக்கு இத்தனை முகம் போட்டுவிட்டு, "ஏன் சந்தேகப்படுகிறாய்?" என்று காய்கறிக்காரம்மாவிடம் கேட்பது என்ன நியாயம்? போதாததற்கு, போலி நாணயம் அடித்த பட்டறை ஒன்று 2016-இல் டெல்லியில் பிடிபட்ட செய்தியும் வந்தது. போலி இருக்கிறது என்பது உண்மை. அதைக் கோடு எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் பொய். போலி அடிப்பவனுக்குப் பத்து வரை எண்ணத் தெரியாதா?

வதந்தியை அடக்க இன்னொரு வதந்தியையும் கிளப்பினார்கள். நாணயத்தை வாங்க மறுத்தால் தேசத்துரோக வழக்குப் பாயும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தண்டிப்பது நாணயத்தை உருக்குகிறவனையும் அழிக்கிறவனையும். வாங்க மறுத்த பெட்டிக்கடைக்காரரைத் தேசத்துரோகி ஆக்கும் பிரிவு அதில் இல்லை. ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்களை 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குக் கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். அரை ரூபாய் நாணயம் 10 ரூபாய் வரை செல்லும் என்றும் சொல்கிறது. ஆம், 25 காசும் அதற்குக் கீழும்தான் 2011 ஜூனோடு போயின. 50 காசு இன்றும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. எந்தக் கடையிலாவது கொடுத்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அறிக்கை முழுக்க உண்மை. ஆனாலும் கடைக்காரருக்கு அதனால் பயனில்லை. "இது நல்ல காசா?" என்பது அவருடைய கேள்வியே அல்ல. "இதை என்னிடமிருந்து யார் வாங்குவார்?" என்பதுதான் கேள்வி. மொத்த வியாபாரி வாங்கமாட்டார், வங்கிக் கிளையில் எண்ண ஆளில்லை என்பார்கள் என்று தெரிந்த பிறகு, அந்த நாணயத்தை மறுப்பது அறியாமை அல்ல, பிழைப்பு. பணத்தைப் பற்றிய சில நம்பிக்கைகளுக்கு இந்த வினோத குணம் உண்டு. ஊரே நம்பினால், அந்த ஊர் எல்லைக்குள் அது உண்மையாகவே ஆகிவிடும். அங்கே மறுப்பறிக்கை வேலை செய்யாது. பேருந்தில் வாங்க வேண்டும், வங்கியில் மூட்டையாகக் கொண்டுபோனாலும் முகம் சுளிக்காமல் வாங்க வேண்டும். அப்போதுதான் பெட்டிக்கடையில் ஓடும்.

நம்பிக்கை: 2,000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருந்தது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும்.

மேலே சொன்ன வினோத குணம் இதற்குக் கிடையாது. நூறு கோடிப் பேர் நம்பினாலும் காகிதத்தில் சிப் முளைக்காது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட சில நாட்களில் இது தொலைக்காட்சிகளில்கூடப் படம் போட்டு விளக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி மறுத்தும் ஓயவில்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது ஓயாமல் நேரத்தையும் தன் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. கலங்கரை விளக்கம் எந்தக் கப்பல் தன்னைப் பார்த்தது என்று குறித்துவைப்பதில்லை, அப்படித்தான். உங்கள் போன் நாலைந்து செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது; பிறகு அதை இன்னொருவருக்குச் சொல்ல மொபைல் டவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் பேட்டரி வேண்டும். நோட்டில் பேட்டரி எங்கே? மேலும், அந்த அலை தரைக்கு வந்து சேரும்போது மிகமிக மெலிந்துபோயிருக்கும். மாடிக்கட்டடத்தின் தரைத்தளக் கார் நிறுத்தத்திலேயே போனின் வரைபடம் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலை 120 மீட்டர் மண்ணைத் துளைத்து இறங்கி, நோட்டில் பட்டு, மறுபடி விண்ணுக்குப் போக வேண்டுமாம். 2,000 ரூபாய் நோட்டில் இருந்த ஒரே விண்கலம் அதன் பின்பக்கத்தில் அச்சிட்ட மங்கள்யான் படம்தான்.

இந்தக் கதை ஏன் இவ்வளவு இனித்தது? கறுப்புப் பணம் என்றால் பூமிக்கடியில் கட்டுக்கட்டாகப் புதைந்த நோட்டு என்ற சினிமாச் சித்திரம் நம் எல்லோருக்குள்ளும் இருந்தது. அந்தச் சித்திரத்துக்கு ஏற்ற கருவி இந்தச் சிப். அரசின் கணக்கும் ஏறக்குறைய அதே சித்திரத்தில்தான் நின்றது: பெருந்தொகை திரும்பி வராமலே செத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பு. 15.41 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள நோட்டுகள் செல்லாமல் ஆக்கப்பட்டன, 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கியின் 2017-18 ஆண்டறிக்கை சொன்னது. 99.3 சதவீதம். புதைந்து கிடந்தது மிகக் கொஞ்சம். கணக்கில் வராத சொத்து நிலமாகவும் தங்கமாகவும் பினாமி பெயராகவும் இருக்கும்போது, நோட்டைத் தோண்டி என்ன கிடைக்கும்?

2023 மே 19-இல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது "மறுபடியும் செல்லாக்காசு" என்று ஒரு பதற்றம் கிளம்பியது. அது வேறு, இது வேறு. அந்த நோட்டு சட்டப்படி செல்லுபடியாகும் என்பதை ரிசர்வ் வங்கி அன்றே சொன்னது. வங்கிக் கிளைகளில் மாற்றும் கெடு 2023 அக்டோபர் 7-இல் முடிந்தது; அதன்பின் சென்னை உட்பட ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் அந்த வேலை தொடர்ந்தது.

நம்பிக்கை: 1947-இல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்.

ரூபாய் சரிகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் இது எழுந்து நிற்கும். கூடவே, "அப்போது நமக்குக் கடனே இல்லை, அதனால் சமமாக இருந்தோம்" என்ற விளக்கமும் வரும். முதலில் கணக்கைப் பார்ப்போம். அன்று ரூபாய் கட்டப்பட்டிருந்தது பவுண்டோடு, டாலரோடு அல்ல. ஒரு ரூபாய் என்பது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது ஒரு பவுண்டுக்குச் சுமார் 13 ரூபாய் 33 காசு. ஒரு பவுண்டுக்கு அப்போது 4.03 டாலர். வகுத்தால் ஒரு டாலர் சுமார் 3 ரூபாய் 30 காசு. 1949-இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயும் சேர்ந்து இறங்கி 4.76 ஆனது. 1966 ஜூனில் இந்திரா காந்தி அரசு 7.50 ஆக்கியது. 1991 ஜூலையில் மறுபடி இரண்டு தவணையாக இறக்கினார்கள். 1993 முதல் விலையைச் சந்தைதான் சொல்கிறது. ரிசர்வ் வங்கி அளவுக்கு மீறிய ஆட்டத்தை அடக்க மட்டும் நடுவில் புகுந்து வாங்கும், விற்கும்.

கடன் கதை இன்னும் சுவையானது. சுதந்திரம் வந்தபோது பிரிட்டன்தான் நமக்குக் கடன்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிடம் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் நூறு கோடி பவுண்டுக்கும் மேல் லண்டனில் நம் கணக்கில் நின்றது. அப்படியும் டாலரும் ரூபாயும் சமமாக இல்லை. ஏனென்றால் இரண்டு நாணயங்களின் எண் சமமாவதற்கும் வல்லமைக்கும் சம்பந்தமில்லை. ஒரு குவைத் தினார் மூன்று டாலருக்கும் மேல். குவைத்தை யாரும் அமெரிக்காவைவிடப் பெரிய பொருளாதாரம் என்று சொல்வதில்லை. தென்கொரியாவில் ஒரு டாலருக்கு ஆயிரத்துக்கும் மேல் வொன் எண்ணித் தருகிறார்கள்; அந்த நாட்டுக் காரும் போனும் உலகமெங்கும் ஓடுகின்றன. எண்ணைச் சிறிதாக்குவதுதான் பெருமை என்றால் துருக்கி செய்ததுபோலச் செய்யலாம். 2005-இல் அவர்கள் லிராவிலிருந்து ஆறு பூஜ்யத்தை வெட்டினார்கள். மறுநாள் யாரும் பணக்காரர் ஆகவில்லை.

சரிவால் பாதிப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் அது எரிவாயு சிலிண்டர் வரை சுடும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் அனுப்பும் வீட்டில் சுடும். அதே சரிவு, டாலரில் பில் போடும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

நம்பிக்கை: அச்சிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகத் தங்கம் இருக்கிறது.

இல்லை. 1957-இலிருந்து உள்ள விதிப்படி ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டுப் பிரிவு வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு 200 கோடி ரூபாய். அதில் 115 கோடிக்குத் தங்கம். புழக்கத்தில் இருக்கும் நோட்டோ 30 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. மீதிக்கு ஈடாக நிற்பவை பெரும்பாலும் கடன்பத்திரங்கள். நோட்டுக்குப் பின்னால் மத்திய அரசின் உத்தரவாதமும் உண்டு.

இந்தத் தங்க மயக்கத்தால்தான் 2024-இல் இன்னொரு கதையும் ஓடியது. பிரிட்டனிலிருந்து சுமார் 100 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. உடனே, "1991-இல் அடகு வைத்த நகையை மீட்டுவிட்டோம்" என்று கொண்டாடினார்கள். 1991 நெருக்கடியில் 47 டன்னுக்குச் சற்றுக் குறைவான தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்துக் கடன் வாங்கியது உண்மை. அந்தக் கடன் அந்த ஆண்டிலேயே அடைபட்டது. 2024-இல் வந்தது அடகுப் பொருள் அல்ல; நாம் லண்டன் பெட்டகத்தில் வைத்திருந்த நம்முடைய சொந்தத் தங்கம். இடம் மாறியது, அவ்வளவே.

நம்பிக்கை: பணவீக்கம் குறைந்தால் விலை குறையும்.

செய்தி வாசிப்பவர் பணவீக்கம் 6-இலிருந்து 2 ஆகக் குறைந்தது என்பார். வீட்டில், "எங்கே குறைந்தது? பருப்பு அதே விலைதானே" என்பார்கள். இருவர் சொல்வதும் சரி. போன வருஷம் 100 ரூபாய்க்கு விற்றது 106 ஆகி, இந்த வருஷம் 108 ஆனால், ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. 100-க்கு அது திரும்பாது. திரும்பினால் அது வேறு வகை நோய்.

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அரசு அறிவித்தது. ஆனால் அந்த ஆண்டு முழுக்க, பெருநகரக் குடும்பங்களிடம் ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கெடுப்பில் மக்கள் 6 சதவீதத்துக்கும் மேல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாமரர் கணக்கு என்று வங்கி அதைத் தூக்கி எறிவதில்லை. விலை ஏறும் என்று எல்லோரும் நினைத்தால் சரக்கை முன்கூட்டி வாங்குவார்கள், கூலியைக் கூட்டிக் கேட்பார்கள், வியாபாரி விலையை ஏற்றி எழுதுவார். விலை ஏறியே விடும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக ஆள் அனுப்பி, "அடுத்த ஆண்டு விலைவாசி எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்; வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுவின் மேசைக்கு அந்தத் தாளும் போகிறது.