சூரியக் காற்றின் காந்தப்புலமும் ‘ஏற்ற இறக்கம்’ என்னும் கலைச்சொல்லும்

சூரியனிலிருந்து இடையறாது வெளியேறும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் சூரியக் காற்று எனப்படுகிறது. 1958இல் யூஜின் பார்க்கர் இக்கருத்தை முன்வைத்தார். காற்று என்ற சொல் மூச்சுக்குரிய வளியையும் நினைவூட்டுவதால் சிறு மயக்கம் எழலாம். எனினும் அது நிலைபெற்றுவிட்டது. அதனினும் கருதத்தக்க இடர்ப்பாடு, அக்காற்று சுமந்து செல்லும் காந்தப்புலத்தின் நிலையின்மையை ‘ஏற்ற இறக்கம்’ என்று குறிப்பதில் உள்ளது.

ஏற்றமும் இறக்கமும் அளவைச் சார்ந்தவை. விலை ஏறும், இறங்கும். அதற்குத் திசை இல்லை. காந்தப்புலமோ அளவும் திசையும் ஒருங்கே உடையது. பூமிக்கு அருகில் சூரியக் காற்றின் காந்தப்புலம் ஏறத்தாழ 5 நானோடெஸ்லா. அங்குப் பெரும்பாலும் மாறுவது திசையே. வலிமை அதிகம் மாறாதிருக்க, புலம் பக்கவாட்டில் அசைகிறது. 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையை அடைந்த ஆதித்யா எல்1 விண்கலத்தின் காந்தமானிகள் புலத்தை மூன்று அச்சுகளிலும் அளப்பதன் தேவை இதனால் விளங்கும். லப்பைக்குடிக்காடு போன்ற ஊரில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் ‘ஏற்ற இறக்கம்’ என்று படித்தால், இந்தத் திசைமாற்றம் அவர் மனத்தில் தோன்றவே வழியில்லை.

சூரியக் காற்று பரவியுள்ள வெளியின் புறப்பகுதியில் நிலைமை வேறு. வாயேஜர் 1 விண்கலம் 2004 டிசம்பரில், சூரியனிலிருந்து 94 வானியல் அலகுத் தொலைவில், சூரியக் காற்றின் வேகம் திடீரெனக் குறையும் அதிர்ச்சி எல்லையைக் கடந்தது. அதற்கப்பாலுள்ள உறைப்பகுதியில் புலம் 0.1 நானோடெஸ்லா அளவினதே. அங்குத் துகள்கள் நெருங்கியும் விலகியும் இயங்குவதால் புலத்தின் வலிமை பெரிதும் கூடிக் குறைகிறது. இவ்விடத்திற்கு ‘ஏற்ற இறக்கம்’ முற்றிலும் பொருந்தும். 2012 ஆகஸ்ட் 25 அன்று விண்மீனிடை வெளியை எட்டியபின், புலம் வலுத்தது. அசைவோ மிக மெலிந்தது.

‘அலைவு’ இதற்கு மாற்றாகாது. அது ஊசலின் ஒழுங்கான இயக்கத்தைச் சுட்டுவது. சூரியக் காற்றின் கொந்தளிப்பில் அவ்வொழுங்கு இல்லை. ‘தளும்பல்’ என்பதைப் பரிந்துரைக்கலாம். குடத்து நீர் தளும்பும்போது உயர்வும் உண்டு, சாய்வும் உண்டு, ஒழுங்கின்மையும் உண்டு. அளவுத் தளும்பல், திசைத் தளும்பல் எனப் பிரித்தாளவும் இடமுண்டு. உதகை முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி, சூரியக் காற்றின் அடர்த்தி மாறுபாடுகளைத் தொலைவிலுள்ள வானொலி மூலங்களின் மினுக்கத்தால் அறிகிறது. அதனையும் அடர்த்தித் தளும்பல் எனலாம்.

நிறைகுடம் தளும்பாது என்னும் வழக்கால் இச்சொல்லுக்குக் குறைவுப்பொருள் ஒட்டியுள்ளது என மறுக்கலாம். ஆயினும் ‘காற்று’ என்பதன் மயக்கத்தை ஏற்றுக்கொண்ட துறைக்கு இது பெருந்தடையன்று.