கடல் மயக்கமும் அதனைச் சமாளிக்கும் முறையும்

டெல்லி சரோஜினி நகரின் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த இளைஞர் ஒருவர், மீன்வளப் பணியேற்று மண்டபத்தில் முதன்முறையாக விசைப்படகில் ஏறுகிறார் எனக் கொள்வோம். கரையை விட்டு அரைமணி கழியுமுன் கொட்டாவி வருகிறது, முகம் வெளுக்கிறது, குளிர்ந்த வியர்வை அரும்புகிறது, பின்னர் குமட்டலும் வாந்தியும். உடன்வந்த மீனவர்கள் நகைக்கலாம். எனினும் இது கோழைத்தனமன்று. 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினை இவ்வுபாதை பயணம் முழுவதும் வருத்தியது.

இதன் பிறப்பிடம் வயிறன்று, காது. உட்செவியில் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் சற்றுப் பின்தங்கி, அச்சைவை மூளைக்கு உணர்த்துகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடித் தம்ளரில் நீரூற்றிச் சில தேயிலைத் தூள்களை மிதக்கவிட்டுத் தம்ளரைத் திருப்புக: தம்ளர் திரும்பும், தூள்கள் பின்தங்கும். படகறையினுள் அமர்ந்தவருக்குக் காது ‘அசைகிறோம்’ என்கிறது. எதிர்ச்சுவரைக் காணும் கண்ணோ ‘அசையவில்லை’ என்கிறது. இம்முரண்பாடே மயக்கத்திற்குக் காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கொள்கை. உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தோருக்கு இம்மயக்கம் வருவதில்லை என்பது இதற்குத் தக்க சான்று.

ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல உயர்ந்து தாழும் அசைவே மிகக் கொடியது. ஆதலால், விரைந்து செல்லும் படகைவிட, வலையை இழுப்பதற்காக நின்று ஆடும் படகில் துன்பம் மிகுதி. மண்டபத்தில் பருவமும் பார்க்கவேண்டும்: தென்மேற்குப் பருவக்காற்றின்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்.

புறப்படுவதற்கு முதல்நாள் நன்கு உறங்குக. வெறும்வயிற்றுடன் செல்லற்க, இரண்டு இட்டிலி போதும். மதுவை அறவே விலக்குக. படகின் நடுப்பகுதியில், எஞ்சின் புகை படாத இடத்தில் அமர்ந்து, கடலும் வானும் சேரும் கோட்டை நோக்குக. பதிவேட்டைக் குனிந்து எழுதுவதுதான் நம் ஊழியர்களுக்குப் பெரும் பகை. குறிப்புகளைச் சுருக்கமாக எழுதிக்கொண்டு, எஞ்சியவற்றைக் கரையில் நிரப்பலாம்.

வாந்தி வருங்கால் விளிம்பைத் தாண்டித் தனியே குனிவது பேராபத்து. சோர்ந்தவர் ஓர் அலையில் கடலுள் விழுந்துவிடக்கூடும். அமர்ந்தபடி வாளியில் வாந்தியெடுப்பதில் வெட்கமில்லை. மிதவைச் சட்டையைக் கழற்றலாகாது. பின்னர் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகப் பருகுக. இஞ்சி சிலருக்கு உதவுகிறது. அதனையே முற்றிலும் நம்புவதற்கில்லை.

மருந்தின் வரலாறு சுவையானது. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், தோல் தடிப்புக்காக டைமென்ஹைடிரினேட் உட்கொண்ட பெண்மணி ஒருவர், டிராம் வண்டியில் தமக்கு வழக்கமாக வரும் குமட்டல் நின்றுவிட்டதைக் கண்டார். அதன்பின் படைவீரர் கப்பலில் அம்மருந்து சோதிக்கப்பட்டது. இத்தகைய மாத்திரையைப் புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி முன்னரே உட்கொள்ளவேண்டும். வாந்தி தொடங்கியபின் பயன் குறைவு. உறக்கம் தருமாதலால், உண்டவர் சுக்கானையோ வலையிழுக்கும் பொறியையோ தொடலாகாது. கண்ணழுத்த நோயாளர், கர்ப்பிணிகள், சிறுவர் ஆகியோர்க்கு மருத்துவரின் யோசனை இன்றியமையாதது.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடும். சென்னையிலிருந்து கப்பலில் அந்தமான் செல்வோர்க்கு, பழகி முடியும் வேளையில் துறைமுகம் தெரியும்! கரையிறங்கியபின் தரை ஆடுவதுபோல் தோன்றினால் அஞ்சவேண்டுவதில்லை; பொதுவாக ஓரிரு நாளில் அது தானே நீங்கும்.