22ஆர்இ இன்ஜினில் கைவைக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

1986 மாடல் டொயோட்டா பிக்கப் வாங்கியதையும், பெரிய கேமும் (கேம்ஷாஃப்ட்) எக்ஸாஸ்ட் ஹெடரும் போடப்போவதையும் எழுதியிருந்தாய். ஆசை நியாயம்தான். 2,366 சிசி இருந்தும் மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி அது. ஆனால் எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் டைமிங் செயினைப் பார்த்துவிடு.

உன் இன்ஜினில் இருப்பது ஒற்றை வரிசைச் செயின். அதைத் தாங்கும் கைடு பிளாஸ்டிக். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்து நொறுங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து, ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கினால் சந்தேகப்படு. வால்வு கவரைக் கழற்றி, டிரைவர் பக்கமாக டார்ச் அடித்து எட்டிப்பார். கைடு உடைந்திருந்தால் செயின் டைமிங் கவரையே அறுத்துக்கொண்டிருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கும், பேரிங்கெல்லாம் போய்விடும். இரும்புப் பட்டை வைத்த கைடு கிடைக்கிறது. முதல் செலவு அதற்குத்தான்.

அப்புறம் கம்ப்ரஷன் பார். சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எந்தக் கேமும் உதவாது. டேப்பட் இடைவெளியை இன்ஜின் சூட்டோடு வை: இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர்.

கேம் விஷயத்தில் பேராசை வேண்டாம். காற்றை அளக்கும் மீட்டருக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னக் கதவு இருக்கிறது. காற்று அதை எவ்வளவு தள்ளுகிறதோ, அதைக் கொண்டுதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. ஓவர்லேப், அதாவது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், அதிகமுள்ள கேமைப் போட்டால் ஐடிலில் காற்று முன்னும் பின்னும் அடிக்கும், கதவு படபடக்கும், கலவை கெடும். பழைய கார்பரேட்டர் வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. சுமை இழுக்கும் வண்டிக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொடுக்கும் கேமே அழகு.

டர்போ பற்றியும் கேட்டிருந்தாய். டொயோட்டாவே டர்போ வைத்து விற்ற 22ஆர்டிஇ இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதத்தை 7.5க்கு இறக்கித்தான் வைத்தார்கள். உன்னுடையது ஒன்பதுக்கு மேல். அப்படியே டர்போவை மாட்டினால் நாக்கிங்கில் பிஸ்டன் உடையும். எனக்குச் சம்மதமில்லை.

கலிஃபோர்னியாவில் ஓட்டுகிறாய் என்பதால் ஒன்று: மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத ஹெடரை வாங்காதே. ஸ்மாக் எனும் புகைப் பரிசோதனையில் பானெட்டைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் எழுதி அனுப்பு. எந்தக் கேம் என்று அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்