பேக்கப் எடுத்தாச்சா? திரும்ப எடுத்துப் பார்த்தீங்களா?

பில், ஸ்டாக், சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று ஒரு சிறு நிறுவனத்தின் மொத்தக் கணக்கும் இன்று ஒரே விண்டோஸ் சர்வரில்தான் இருக்கிறது. அந்த சர்வர் ஒரு நாள் ஆன் ஆகவே இல்லை என்றால்? "அதான் பேக்கப் இருக்கே" என்போம். அது கடைசியாக எந்தத் தேதியில் சரியாக முடிந்தது? பலரிடம் பதில் இருக்காது.

இது சட்டம் சார்ந்த விஷயமும்கூட. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் மின்னணுக் கணக்குகளுக்குத் தினமும் பேக்கப் எடுத்து, இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

முதலில் எங்கே பார்ப்பது?

விண்டோஸ் சர்வர் பேக்கப் வசதியைப் பயன்படுத்துகிறீர்களா? ஈவன்ட் வியூவரைத் திறந்து, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பேக்கப், ஆப்பரேஷனல் என்ற வரிசையில் போங்க. எண் 4 என்றால் வெற்றி, எண் 5 என்றால் தோல்வி. பிழைச் செய்தியை அப்படியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பார்ப்பவரிடம் "ஏதோ எரர் வருது" என்று சொல்வதைவிட அந்தப் படம் பல மடங்கு உதவும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

1. இடம் இல்லை: பேக்கப் டிஸ்க் மட்டுமல்ல, சர்வரின் சொந்த டிஸ்க் நிரம்பியிருந்தாலும் பேக்கப் நின்றுவிடும். இரண்டையும் பாருங்க.

2. பாஸ்வேர்டு மாறியது: நெட்வொர்க் ஃபோல்டருக்கு பேக்கப் போகிறது என்றால், அதற்குக் கொடுத்த பயனர் கணக்கின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். பேக்கப் அமைப்பிலும் புதிய பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

3. ஷேடோ காப்பி பிழை: திறந்திருக்கும் ஃபைல்களையும் பேக்கப் எடுக்க உதவும் சேவை இது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். எல்லாம் 'ஸ்டேபிள்', 'நோ எரர்' என்று வர வேண்டும். வராவிட்டால், எல்லோரும் வேலை முடித்த பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். இரண்டு பேக்கப் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் இந்தச் சிக்கல் வரலாம். நேரத்தைப் பிரித்து வையுங்கள்.

4. டிஸ்க் காணோம்: பேக்கப்புக்கு என்றே ஒதுக்கிய டிஸ்க், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. அது இயல்புதான். "காலி டிஸ்க்" என்று நினைத்து ஃபார்மேட் செய்தால் போச்சு!

இன்னொன்று: விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் நெட்வொர்க் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால், புது பேக்கப் பழையதை அழித்துவிட்டு உட்காரும். நேற்று கெட்டுப்போன ஃபைலுக்கு, போன வார நல்ல பிரதி கிடைக்காது.

'வெற்றி' என்று வந்தால் போதுமா?

போதாது. ஃபைல் பிரதி எடுக்கப்பட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. தவறான ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் 'வெற்றி' என்றே வரும். மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். பழைய இடத்தில் வேண்டாம், வேறொரு ஃபோல்டரில். பிறகு கணக்கு மென்பொருளில் திறந்து, கடைசி பில் எண் சரியா என்று ஒப்பிடுங்கள். போன் காலண்டரில் இதற்கு ஒரு ரிமைண்டர் வைத்துவிட்டால் மறக்காது.

ஒரு பிரதி வெளியே இருக்கட்டும்

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, நெட்வொர்க் வழியாகவே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. ஷேடோ காப்பிகளையும் அழித்தது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. விண்டோஸ் சர்வர் 2012-க்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதையே இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்றத் திட்டமிடுங்கள்.

மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அதில் 1 அலுவலகத்துக்கு வெளியே. இதுவே எளிய கணக்கு. ஒரு டிஸ்க்கையாவது பேக்கப் முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

ரான்சம்வேர் தாக்கினால்

• உடனே நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள்.
• அவசரப்பட்டு பேக்கப் டிஸ்க்கைச் செருகாதீர்கள். அதுவும் பூட்டப்பட்டுவிடும்.
• 1930 உதவி எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் கொடுங்கள்.
• விஷயம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கும் இந்த விதி 2022 செப்டம்பர் 25 முதல் பொருந்தும்.

இன்று மாலை கடையைப் பூட்டும் முன் ஒரே ஒரு ஃபைலை ரீஸ்டோர் செய்து பாருங்கள். அது திறந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.